வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்

மதுரையில் ஓபுளா படித்துறை இருக்கிறது, பேச்சியம்மன் படித்துறை இருக்கிறது, திருமலைராயர் படித்துறை இருக்கிறது. மூன்றுமே இன்று முகவரிகள். ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னால் சரியாகக் கொண்டுபோய் விடுவார். அங்கிருந்து தண்ணீருக்குள் கால் வைக்கத்தான் வழி இருக்காது. பெயர் நிலைத்துவிட்டது, படி போய்விட்டது. வைகையில் புதுவெள்ளம் வரும்போது ஊரே திரண்டுபோய் நீராடியதைப் பரிபாடல் பாடுகிறது. இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களில் 8 பாடல்கள் வையைக்கே உரியவை. இப்படித் தன் ஆற்றைக் கொண்டாடிய நகரம், இன்று தன் பிள்ளைகளைக் கம்பிவேலிக்கு வெளியே நிறுத்தித் தண்ணீரை வேடிக்கை பார்க்கச் சொல்கிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு வைகை அணையைத் திறந்து தண்ணீர் விடுகிறோம். அது நம் பெருமை. பள்ளிப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவதற்கு என்ன செய்து வைத்திருக்கிறோம்?

மாநகராட்சிப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் துடுப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கும் கோரிக்கை. கயாக், கனோ போன்ற சிறு படகில் உயிர்காப்புச் சட்டையுடன் உட்கார்ந்து, பிள்ளை தானே துடுப்புப் போட்டுப் போய்த் திரும்பும் பயிற்சி. இப்படி ஒரு யோசனை எழுந்த உடனே பேச்சு படகுக்குப் போய்விடுகிறது: எத்தனை வாங்குவது, என்ன விலை, எந்த நிறுவனம் நன்கொடை தரும். படகு கடைசியில் வர வேண்டியது. முதலில் வேண்டியவை இறங்குவதற்கு ஒரு படித்துறை, நம்பிக் கணக்குப் போடக்கூடிய தண்ணீர் மட்டம், மேலே பட்டால் நோய் வராத தண்ணீர். இவை இல்லாத ஊரில் நூறு படகு வாங்கினாலும் அவை ஏதாவது ஒரு கிடங்கில் வெயிலில் வெளிறிக் கிடக்கும். இவை இருந்துவிட்டால், பத்துப் படகிலேயே ஒரு பள்ளியின் பிள்ளைகள் முறைவைத்துப் பழகிவிடலாம். இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொல்வேன்: பிள்ளைகள் வாரந்தோறும் இறங்கும் கண்மாயை ஊர் சாகவிடாது. நீர்நிலையைக் காப்பாற்றிவிட்டுப் பிறகு பிள்ளைகளை இறக்கலாம் என்று காத்திருப்பதைவிட, பிள்ளைகளை இறக்குவதையே நீர்நிலையைக் காப்பாற்றும் வழியாகக் கொள்ளலாம்.

கண்மாய்கள் எப்படிப் பிழைத்திருந்தன என்று யோசித்தால் இது விளங்கும். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஆண்டு மழை சுமார் 85 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் ஊருக்கு ஊர் கண்மாய், ஊருணி. வரத்துக்கால் தூர்வாரியது, மடையைச் செப்பனிட்டது, கலுங்கில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கவனித்தது எல்லாம் ஆயக்கட்டு விவசாயிகள்தாம். அவர்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது, ஆகவே குடிமராமத்து நடந்தது. நகரம் விரிந்து வயல்கள் மனையடிகளான பிறகு கண்மாய்க்கு ஆள் இல்லாமல் போனது. ஆள் இல்லாத நீர்நிலை அரசாங்கத்தின் கண்ணுக்கு வெறும் புறம்போக்காகத் தெரிந்தது. 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை எழுந்து நிற்பது உலகநேரி கண்மாயில். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் மன்றமே ஒரு கண்மாய்க்குள் இருக்கிறது என்றால், நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று புரியும். நகரத்துக் கண்மாய்கள் முதலில் இழந்தது தண்ணீரை அல்ல, தண்ணீரைப் பயன்படுத்தியவர்களை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில் கிராமத்து விவசாயிகளைச் சங்கங்களாகத் திரட்டிக் கண்மாய்களை மீட்டிருக்கிறது. கிராமத்தில் அது நடந்ததற்குக் காரணம், அங்கே பயன்படுத்துவோர் மிச்சம் இருந்தார்கள். நகரத்தில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

இதற்கான சான்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திலேயே இருக்கிறது. திருமலை நாயக்கர் காலத்தில், 1645இல் அமைந்த குளம் அது. நீளம் சுமார் 1,000 அடி, அகலம் 950 அடி. நாலு பக்கமும் கருங்கல் கரை. உள்ளே இறங்கப் பன்னிரண்டு படிக்கட்டுகள். பல பத்தாண்டுகள் அது வறண்டு கிடந்தது. பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். தைத் தெப்பத்துக்காக மட்டும் தண்ணீர் நிரப்புவார்கள், சில ஆண்டுகளில் அதுவும் இல்லாமல், தெப்பம் மிதக்காத நிலைத்தெப்பமாகவே திருவிழா முடிந்துவிடும். வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியே தண்ணீர் வரும் பாதையைச் சீரமைத்த பிறகு, 2020ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து குளம் நிறைந்து நிற்கத் தொடங்கியது. மாலையானால் கூட்டம், சுற்றிலும் கடைகள், தண்ணீர் சற்று இறங்கினால்கூட மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. பெரும்பாலும் கரையிலிருந்து கண்ணால் பார்க்க மட்டுமே வாய்த்த தண்ணீருக்கே இவ்வளவு காவலர்கள் கிடைத்தார்கள் என்றால், ஆயிரம் பிள்ளைகள் தம் கையால் அளைந்த தண்ணீருக்கு எத்தனை பெற்றோர் காவல் நிற்பார்கள்? கயாக் போட்டிகளில் மிகக் குறுகிய பந்தயத் தூரம் 200 மீட்டர். தெப்பக்குளத்தின் ஒரு பக்கத்து நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். மைய மண்டபத்தைத் தொடாமல், ஒரு கரையை ஒட்டியே ஒரு பயிற்சித் தடம் போட்டுவிடலாம். வேறெந்த நகரத்துக்கும் நடுவூரில் இப்படி ஓர் இடம் எளிதில் வாய்க்காது.

அடுத்து வண்டியூர்க் கண்மாய். நகர எல்லைக்குள் மிஞ்சியிருக்கும் பெரிய கண்மாய்களில் ஒன்று. சுமார் 50 கோடி ரூபாய் மதிப்பில் நடைபாதை, மிதிவண்டிப் பாதை, பூங்கா, படகுச் சவாரி என்று மாநகராட்சி அதை மேம்படுத்த முனைந்தது. கரையில் நடக்க இடம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நம் நீர்நிலை மேம்பாட்டுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்புதான்: கரையை உயர்த்து, கல் பதி, நடைபாதை போடு, கம்பி அடி. கண்மாயின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள கோளாறு புரியும். கண்மாய் என்பது கிண்ணம் அல்ல, சாய்த்து வைத்த தட்டு. கரையோரம், மடை இருக்கும் பக்கம்தான் ஆழம். எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து சேரும் உள்வாய், மெல்ல மெல்லச் சரிந்து முழங்கால் தண்ணீராக விரியும். நாம் மக்களைக் கொண்டுபோய் நிறுத்துவது ஆழமான, செங்குத்தான கரைப்பக்கம். பத்திரமான உள்வாய்ப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் கட்டடக் கழிவு கொட்டப்படுகிறது, கல் ஊன்றப்படுகிறது, ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்மாய் சுருங்குகிறது. பயிற்சித் துறை அமைய வேண்டிய இடம் அந்த உள்வாய்தான். தண்ணீர் ஏற இறங்க, துறையும் முன்பின் நகர வேண்டும். அதற்குக் கான்கிரீட் தேவையில்லை. ஒன்றோடொன்று கோத்து மிதக்கவிடும் பிளாஸ்டிக் கட்டைகளால் ஒரு மிதவைத் தளம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில். அதுவரை போகக் கெட்டியான சரிவுப்பாதை, சக்கர நாற்காலியும் உருளும்படி. படகுக்குத் தேவையான தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வந்து நிற்கும் உள்வாயில் இரவோடிரவாக யாரும் மண்ணைக் கொட்டிவிட முடியாது.

இங்கே எழும் முதல் எதிர்ப்பு, எழ வேண்டிய எதிர்ப்பும்கூட, உயிர் பற்றியது. 2007இல் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2009இல் தேக்கடியில் 45 பேர். வைகைக்கு வந்து சேரும் அதே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் அது. 2011இல் நம் பழவேற்காட்டில் 22 பேர். 2023இல் தானூரில் 22 பேர். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிப் பிள்ளைகள், 2 ஆசிரியைகள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தத் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடுவார்? அவர் தயங்குவது நியாயம். ஆனால் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்க வேண்டும். ஒரே படகில் அளவுக்கு மீறிய ஆட்கள். பலருக்கு உயிர்காப்புச் சட்டை இல்லை. எல்லோரும் வெறும் பயணிகள். கவிழ்ந்தால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் சொல்லித்தரப்படவில்லை. துடுப்புப் பயிற்சி இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. படகுக்கு ஒருவர் அல்லது இருவர். சட்டை மாட்டாமல் படித்துறையில் கால் வைக்க முடியாது. முதல் வகுப்பே படகைக் கவிழ்த்து, வெளியே வந்து, அதைப் பிடித்துக்கொண்டு மிதப்பதுதான். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர், கரையில் கயிறு எறியத் தெரிந்த ஒருவர், நீரில் ஒரு மீட்புப் படகு என்று எழுதி ஒட்டிவிட்டு, அது நிறைவேறாத நாளில் வகுப்பே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைத்தால் பத்திரம் என்ற நினைப்பையும் சோதித்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள்; 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் மரணக் காரணங்களில் மூழ்குதலுக்கு மூன்றாம் இடம். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000க்கும் மேற்பட்டோர் மூழ்கி இறப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. வேலி போட்டோம், எச்சரிக்கைப் பலகை வைத்தோம். கோடை விடுமுறை வந்தால் கண்மாயில் குளிக்கப் போன மாணவர்கள் என்று தொடங்கும் செய்தி நிற்கவில்லை. வண்டல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்த பையன் அடுத்த எட்டில் ஆளுயர ஆழத்துக்குள் போய்விடுகிறான். வங்கதேசம் இதே துயரத்தை வேறு விதமாக எதிர்கொண்டது. நீச்சல் குளம் கட்டக் காசில்லாத கிராமங்களில், ஊர்க் குட்டைகளுக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டி, அடியில் தட்டி விரித்து ஆழத்தைக் குறைத்து, நாலு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு மிதக்கவும் நீந்தவும் உள்ளூர் இளைஞர்களே கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்திருந்ததாக 2012இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஐ.நா. பொதுச்சபை 2021இல் ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்ததில் முன்னின்ற நாடுகளில் ஒன்று வங்கதேசம். மூங்கிலும் குட்டையும் இளைஞர்களும் மதுரைப் பக்கத்திலும் உண்டு.

இரண்டாவது எதிர்ப்பு, இதைவிடக் கடுமையானது: தண்ணீரே தண்ணீராக இல்லையே. வைகைக்குள் நகரத்தின் கழிவு கலக்கிறது. நகருக்குள் கட்டிய தடுப்பணைகளில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கிச் செல்லூர் வீடுகளுக்குள் புகுந்தது மழைநீர் மட்டுமல்ல. இந்தத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எலிக்காய்ச்சல், தோல் நோய், வயிற்றுப்போக்கு எல்லாம் உண்மையான ஆபத்துகள். ஆனால் இறங்கலாமா கூடாதா என்பதற்கு நாட்டில் அளவுகோல் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிப்பதற்கு உகந்த நீர் ‘பி’ வகை: லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாத ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும், உயிரிய ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 100 மில்லிலிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் எண்ணிக்கை 500க்கு மேல் போகக் கூடாது. சோதனை முடிவு அலுவலகக் கோப்பில் உறங்காமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படித்துறைப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். அளவு தாண்டினால் சனிக்கிழமை வகுப்பு ரத்து. ரத்தான ஒவ்வொரு வகுப்பும் நாற்பது வீடுகளில் கேள்வியாக எழும்: ஏன் இன்று போகவில்லை, எந்த வாய்க்காலில் கழிவு கலந்தது, யார் விட்டது? இன்று கழிவுநீர் கலப்பு ஒரு துர்நாற்றம் மட்டுமே. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறோம். பிள்ளையின் வகுப்பு நின்றுபோனால் அது வீட்டு விவகாரம் ஆகிவிடும்.

தண்ணீரில் இறங்குபவர்கள் தண்ணீரைத் திருத்திய வரலாறு உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் கழிவுநீரில் அலைச்சறுக்கு ஆடி நோயில் விழுந்தவர்கள் 1990இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கழிவுநீர் அங்கே தேர்தல் பிரச்சினையாக மாறியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து சார்லஸ் ஆற்றுக்கு 1995இல் சுற்றுச்சூழல் முகமை பள்ளி மதிப்பெண் அட்டை போல ஒரு தரம் கொடுத்தது: ‘டி’. ஆண்டுதோறும் அந்த அட்டை வெளிவந்தது. கழிவுக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் தேடி அடைக்கப்பட்டன. தரம் ‘பி’க்கும் அதற்கு மேலும் ஏறியது. அந்த ஆற்றங்கரையில் 1946 முதல் இயங்கும் சமுதாயப் படகுச் சங்கம் ஒன்று, சிறுவர்களுக்கு ஒரு டாலருக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது. ஆற்றைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் விளையாட்டுக்குத் தண்ணீரா என்று கேட்பவர்களும் உண்டு. துடுப்பு தண்ணீரைக் குடிப்பதில்லை, குறைப்பதில்லை. மடை திறந்தால் வயலுக்குப் போகும் தண்ணீர் அப்படியே போகும். போபாலின் பெரிய ஏரி, பதினொன்றாம் நூற்றாண்டில் போஜ ராஜன் கட்டியது, இன்றும் நகரத்தின் குடிநீர் ஆதாரங்களில் முக்கியமானது. போபாலில்தான் மத்தியப் பிரதேசத்தின் நீர் விளையாட்டுப் பயிற்சிக்கூடமும் நடக்கிறது. 2023இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கே தடை செய்தது டீசல் எரிக்கும் இயந்திரப் படகுகளைத்தான். நம் சொந்தபந்தங்கள் வாழும் சிங்கப்பூரில் மெக்ரிட்சி குடிநீர்த் தேக்கத்தில் பள்ளி மாணவர்கள் கனோ ஓட்டுகிறார்கள். அந்த நாடு 1977இல் தன் நாறிய ஆற்றைத் தூய்மை செய்யத் தொடங்கிப் பத்தாண்டில் முடித்தது. 2008இல் அதன் முகத்துவாரத்தில் தடுப்பு கட்டி அதையே நீர்த்தேக்கமாக்கியது. தூய்மையான தண்ணீரை மக்களிடமிருந்து மறைத்து வைக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. மக்கள் நெருங்கினால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தார்கள்.

மதுரையில் ஆண்டு முழுக்கக் கண்மாயில் தண்ணீர் நிற்காது, உண்மைதான். ஆகவே பயிற்சி கண்மாயின் பஞ்சாங்கத்தைப் பின்பற்றட்டும். கார்த்திகையிலிருந்து மாசி வரை, அரையாண்டு விடுமுறையைக் கழித்தாலும் பத்துப் பன்னிரண்டு சனிக்கிழமைகள் கிடைக்கும். ஒரு பிள்ளை துடுப்புப் பழக அது போதும். மற்ற மாதங்களில் தெப்பக்குளம். விளையாட்டுக்காகக் கண்மாயில் தண்ணீரைத் தேக்கி வை என்று விவசாயியிடம் கேட்கும் நாள் வரவே கூடாது. அப்படி வந்தால் நான் விவசாயியின் பக்கம் நிற்பேன். இங்கே ஒரு சங்கடத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்மாயில் தண்ணீர் நிற்கும் அதே மாதங்களில்தான் வலசைப் பறவைகளும் வருகின்றன. சாமநத்தம் போலப் பறவைகள் கூடும் கண்மாய்களை முழுமையாக விட்டுவிட வேண்டும். வண்டியூரிலும் ஒரு பகுதிக்கு மிதவைக் கயிறு கட்டி, அதற்கு அப்பால் துடுப்பு போகக் கூடாது என்று வகுக்க வேண்டும். மீன்பாசி ஏலம் எடுத்தவர்களோடும் பேச வேண்டும். அவர்களை இடைஞ்சலாகப் பார்ப்பதே தவறு. பள்ளம் எங்கே, சேறு எங்கே, எந்தக் காற்றுக்குப் படகு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அந்தக் கண்மாயில் அறிந்தவர்கள் அவர்கள்தாம். முதல் மீட்புப் பணியாளர்களை அவர்கள் வீட்டிலிருந்தே, சம்பளத்தோடு எடுக்க வேண்டும்.

கழிப்பறையே சரியாக இல்லாத பள்ளிகளுக்குப் படகு எதற்கு என்ற கேள்வியில் அக்கறை இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி ஏழைப் பிள்ளைகளை நோக்கி மட்டுமே கேட்கப்படுகிறது. கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை நீச்சல் குளத்துக்கும் கோடை முகாமுக்கும் போய்விடுகிறது. தண்ணீரோடு பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் வாய்ப்பு இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மணிப்பூரின் லோக்தாக் ஏரிக்கரையைப் பாருங்கள். அங்கே மீனவக் குடும்பத்தில் பிறந்த சுனில் சிங் சலாம், அர்ஜுன் சிங்குடன் சேர்ந்து 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 1,000 மீட்டர் இரட்டையர் கனோவில் வெண்கலம் வென்றார். இந்தப் பிரிவில் இந்தியாவுக்கு 1994க்குப் பிறகு கிடைத்த முதல் ஆசியப் பதக்கம் அது. நடக்க இயலாத பிராச்சி யாதவ் போபாலில் பயிற்சி பெற்று, டோக்கியோ பாராலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை போய், ஹாங்சோ ஆசியப் பாரா போட்டியில் தங்கமும் வென்றார். தண்ணீரில் காலின் வேலை குறைவு, கையின் வேலை அதிகம். மைதானத்தில் ஓரமாக உட்கார வைக்கப்படும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு அரிது. பதக்கம் வர வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மதுரையிலிருந்து ஒரு பதக்கமும் வராவிட்டாலும் இந்தப் பயிற்சிக்கு நியாயம் குறையாது.

நியாயம் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பதினைந்தாம் கூறு கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் இவற்றை, சாதி, மதம், பால், பிறப்பிடம் காரணமாக எவருக்கும் மறுக்கக் கூடாது. 1927இல் மகாராஷ்டிரத்தின் மகாடில், தலித்துகளுக்கு மறுக்கப்பட்ட குளத்தில் அம்பேத்கர் குனிந்து அள்ளிய ஒரு கைத் தண்ணீர் அந்த வரிக்குப் பின்னால் இருக்கிறது. மதுரைக்கும் இந்த வரலாறு அந்நியமல்ல. 1939இல் மீனாட்சி கோயிலுக்குள் நடந்த ஆலயப் பிரவேசத்தின் ஊர் இது. தெப்பக்குளம் கோயிலுக்குச் சொந்தமானது. அதன் புனிதம் கெடக் கூடாது என்று பக்தர்கள் நினைப்பதை மதிக்க வேண்டும். தைத் தெப்பத்துக்கு முன்னும் பின்னும் பயிற்சி நிற்கட்டும். மைய மண்டபத்தை யாரும் நெருங்க வேண்டாம். அங்கே படகுச் சவாரிக்கு இடம் கிடைத்ததென்றால் பிள்ளைகளின் துடுப்புக்கும் கிடைக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் என்பது இந்தக் காலத்து வேலி. சாதி கேட்காமலேயே அதே ஆட்களை வெளியே நிறுத்திவிடும். அதனால் பள்ளி வகுப்பு இலவசமாக இருக்க வேண்டும். ஈர உடையோடு பேருந்தில் ஏற வேண்டியிருந்தால் எட்டாம் வகுப்புப் பெண் அடுத்த வாரம் வர மாட்டாள். வீட்டிலும் விட மாட்டார்கள். தாழ்ப்பாள் உள்ள உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் படகுக்கு முன்னால் கட்டப்பட வேண்டும். முழுக்கை, முழுக்கால் உடையில் துடுப்புப் போடலாம் என்று முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெண் பயிற்றுநர் இல்லாத தொகுதியைத் தொடங்கவே கூடாது.

இவ்வளவும் நடக்க எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. கண்மாய் நீர்வளத் துறையின் கையில், கரைப் பூங்கா மாநகராட்சியின் கையில், தெப்பக்குளம் அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில் நிர்வாகத்தின் கையில், பிள்ளைகள் கல்வித் துறையின் கையில், பயிற்றுநர் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில். ஐந்து கைகளும் மாவட்ட ஆட்சியரின் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஓர் உத்தரவு எழுதினால் போதும். எந்தப் பள்ளி எந்தச் சனிக்கிழமை, தண்ணீர்ச் சோதனை யார் பொறுப்பு, எந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் வகுப்பு கிடையாது, மீட்புப் பணியாளருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து. அந்தத் தாளின் கடைசி வரியில், வேலிக் கதவின் சாவி காலை ஆறரை மணிக்கு யார் கையில் இருக்கும் என்பதையும், அவர் வராவிட்டால் மாற்றுச் சாவி எந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கும் என்பதையும் எழுத வேண்டும்.